அலையன்ஸ் என்று போட்டால் யாருக்கும் கோபம் வராது

தேர்தல் அறிவித்த பிறகு யாராவது கருத்தரங்கம் வைப்பார்களா என்று கேட்காதீர்கள். எங்கள் கல்லூரி அரங்கம் காலியாகக் கிடைத்தது அப்போதுதான். மதுரையில் ஒரு மிஷன் கல்லூரியில், அரசியல் அறிவியல் துறையில், நான் கௌரவ விரிவுரையாளர். இந்த ‘கௌரவ’ என்கிற சொல்லை எங்கள் பதவிக்கு முன்னால் ஒட்டியவர் நல்ல குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும். வருடா வருடம் ஜூன் மாதம் புது ஆணை கையில் வந்தால்தான் வேலை. வராவிட்டால் வாட்ச்மேன் என்னையும் யாரைப் பார்க்கணும் என்று கேட்பார்.

அந்த வருடம் என் ஆணை ஒரு பாடத்தை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. இறுதியாண்டு மாணவர்களுக்கான விருப்பப் பாடம் அது. பாடத்திட்டம் நானே எழுதியது. அதற்கு அனுமதி வாங்க நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் அலைந்து என் செருப்பு தேய்ந்தது. கூட்டணி நாடுகள் எப்படித் தங்கள் படைகளைச் சேர்த்து இயக்குவது என்பதுதான் பாடம். இரண்டு நாட்டுப் படை ஒரே பக்கம் நின்றால் மட்டும் போதாது. இவர்கள் ஒயர்லெஸ் அவர்கள் ஒயர்லெஸ்ஸோடு பேச வேண்டும், இவர்கள் தோட்டா அவர்கள் துப்பாக்கியில் பொருந்த வேண்டும், இவர்கள் ‘நில்’ என்றால் அவர்கள் நிற்க வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான சொல் இருக்கிறது. தமிழில் ‘ஒத்தியங்குதல்’ என்று நான் வைத்தேன். ஆங்கிலமே பரவாயில்லை மேடம் என்றார்கள் மாணவர்கள். பாடத்தை எடுத்துப் படித்தவர்கள் ஒரே ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள்.

எங்கள் கல்லூரி முதல்வர் வேதியியல்காரர். ஒரு நாள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே நல்ல செய்தி இல்லை என்று எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும்.

“ஒங்க பேப்பருக்கு ஆளே இல்லைங்கிறாங்க மேடம். செயலர் எடுத்துரலாம்னு சொல்றாரு. நான்தான் ஒரு சான்ஸ் குடுப்போம்னேன். ஒரு கருத்தரங்கம் வைங்க. ஆடிட்டோரியம் நெறஞ்சா பேப்பர் இருக்கட்டும். நெறையலன்னா…”

பாடம் போனால் எனக்கு வகுப்பு இல்லை, வகுப்பு இல்லாவிட்டால் ஆணை இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த கணக்கு.

நான் கருத்தரங்கத்துக்குத் தலைப்பு எழுதிக்கொண்டு போனேன்: ‘கூட்டணி நாடுகளிடையே ராணுவ ஒத்துழைப்பும் ஒத்தியங்குதலும்.’ முதல்வர் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார்.

“கூட்டணியா? தேர்தல் நேரத்துல காலேஜ் வாசல்ல கூட்டணின்னு பேனர் கட்டுனா, எந்தக் கூட்டணின்னு கேட்டு ரெண்டு பக்கமும் ஆள் வந்துருவாங்களே.”

‘தோழமை நாடுகள்’ என்றேன். தோழமைக் கட்சி என்று தினமும் பேப்பரில் வருகிறதே, அதுவும் கட்சிச் சொல்தான் என்றார். ‘நேச நாடுகள்’ என்றேன். வயதுப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் நேசம் என்று எழுத வேண்டாம் என்றார். ‘நட்பு நாடுகள்’ என்றேன். அது எல்.கே.ஜி. பாடம் மாதிரி இருக்கிறதாம். ஒரு மொழியில் சேர்ந்து இருப்பதற்கு இத்தனை சொல் இருந்தும் ஒன்றைக்கூடச் சேர்ந்து ஒத்துக்கொள்ள எங்கள் இரண்டு பேரால் முடியவில்லை. கடைசியில் அவரே முடித்துவைத்தார்.

“அலையன்ஸ்னு போடுங்க. இங்கிலீஷ் வார்த்தையத் தமிழ் எழுத்துல போட்டா யாருக்கும் கோபம் வராது.”

கோபம் வராதுதான். ‘ராணுவ’ என்ற சொல்லையும் அவர் சின்ன எழுத்தில் போடச் சொன்னார், தேர்தல் பாதுகாப்புக்குத் துணை ராணுவம் ஊருக்குள் வந்திருக்கிற நேரம் என்பதால். அதற்கும் தேர்தல் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். ஆணையை மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தேன்.

ஃபிளெக்ஸ் கடைக்காரரிடம் இரண்டு கைகள் குலுக்குகிற படம் ஒன்று போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். இரண்டு ராணுவ அதிகாரிகளின் கை என்று அவர் புரிந்துகொள்வார் என நினைத்தது என் அப்பாவித்தனம். அவர் ‘அலையன்ஸ்’ என்ற எழுத்தைப் பார்த்தார், தன் கம்ப்யூட்டரில் அதற்கென்றே வைத்திருந்த கைகளை எடுத்துப் போட்டார். ஒரு கையில் வளையல், ஒரு கையில் மோதிரம். சின்ன எழுத்தில் போடச் சொன்ன ‘ராணுவ’ மிச்சத் தலைப்போடு சேர்ந்து அந்த வளையலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அலுவலகத்தில் அதைப் படம் பிடித்து, ‘அனைவரும் வருக, மதிய உணவு உண்டு’ என்று சேர்த்து, கத்தோலிக்கக் கோயில்களின் குழுக்களுக்கும் புராட்டஸ்டண்ட் சபைகளின் குழுக்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அரங்கம் நிறைய வேண்டும் என்பது முதல்வர் உத்தரவு. நான் அதற்குள் பேச்சாளரின் போக்குவரத்துக்கு அலைந்துகொண்டிருந்ததால் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

எனக்குக் காட்டியது என் அம்மா. ஆனையூரில் நானும் அம்மாவும்தான். கருத்தரங்கத்தன்று காலையில் நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா போனை நீட்டினாள்.

“இந்தா பாரு, சபைக் குரூப்புல வந்துருக்கு. அலையன்ஸ் மீட்டாம். ஒங்க காலேஜ்லயே வைக்கிறாக, நீ ஒரு வார்த்த சொல்லல. நானும் வாரேன். ஒன் போட்டோ அந்த ரோஸ் சேலை கட்டுனது இருக்குல்ல, அத எடுத்துட்டு வாரேன்.”

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எங்கள் ஊரில் ‘அலையன்ஸ்’ என்றால் கல்யாண வரன் என்று எனக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு வயது வரைக்கும் வீட்டில் தினமும் கேட்ட சொல் அது. நல்ல அலையன்ஸ் வந்திருக்கு, அந்த அலையன்ஸை விட்டுட்டோம், அவ படிச்சிட்டே இருந்தா எந்த அலையன்ஸும் வராது. இத்தனை கேட்டும், புத்தகத்தில் படித்த அர்த்தம் வந்து அந்த அர்த்தத்தை மறைத்துவிட்டது. படிப்பு கண்ணை மறைக்கும் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்றைக்கு எரிச்சல்படவும் வழியில்லை.

கல்லூரி வாசலில் போய் இறங்கினால் பட்டுச் சேலைகள். அப்பாக்கள் வெள்ளைச் சட்டையில் கையில் பிளாஸ்டிக் கவரோடு. பதிவு மேஜையில் எங்கள் அலுவலகக்காரர் “பொண்ணா, பையனாண்ணே?” என்று கேட்டுக் கேட்டு இரண்டு வரிசையாகப் பிரித்துவிட்டிருந்தார். கட்டளை யாரும் கொடுக்காமலே ஒரு அமைப்பு உருவாகிவிட்டது. அரங்கம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது, பின்னால் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். அந்த அரங்கம் அவ்வளவு நிறைந்து நான் ஒருபோதும் பார்த்ததில்லை. கூட்டத்தை நிறுத்தி இது அந்தக் கூட்டம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கணம்தான் தோன்றியது. அடுத்த கணம், இவர்கள் எழுந்து போனால் என் பாடமும் கூடவே எழுந்து போகும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பேச்சாளர் ஓய்வுபெற்ற ஒரு கர்னல். நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டிக்கொண்டு இருந்தவர். பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டத்தில் பழக்கமானவர். வெளிநாட்டுப் படைகளோடு கூட்டுப் பயிற்சிகளில் பல வருடம் இருந்தவர். அவரை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் திரைச்சீலை இடுக்கு வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார்.

“என்னம்மா, இம்புட்டுப் பேரா? நான் பேசுன எந்தக் கூட்டத்துக்கும் இதுல பாதிகூட வந்ததில்ல. வந்தவங்கள வச்சுத்தான் ஆட்டம். நான் என் ஸ்பீச்ச மாத்த மாட்டேன். ஒரு வார்த்தை மாத்த மாட்டேன். பாத்துக்குவோம்.”

ஜெபத்தோடு தொடங்கியது. முதல்வர் புராட்டஸ்டண்ட். இயேசு கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லலாம் என்றார். எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் ஒரே ஆண்டவரைத்தான் கும்பிடுகிறோம், ஆனால் ஒரே ஜெபத்தை ஒரே சொல்லில் சொல்வதில்லை. அதற்கு எழுத்துகூட அவர்களுக்கு ‘செபம்’, எங்களுக்கு ‘ஜெபம்’. உள்ளே வந்தவர்கள் தாங்களாகவே புராட்டஸ்டண்ட் வலது பக்கமும் கத்தோலிக்கர் இடது பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். வலது பக்கம் ‘பிதாவே’ என்றது, இடது பக்கம் ‘தந்தையே’ என்றது. வலது பக்கம் பழைய தமிழில் நிதானமாக நடந்தது, இடது பக்கம் புதுத் தமிழில் முந்திக்கொண்டு போனது. நடுவில் ஒரு வரியில் இரண்டும் மோதி யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. இடது பக்கம் ஆமென் சொல்லிச் சிலுவை போட்டு உட்கார்ந்தபோது, வலது பக்கத்துக்கு இன்னும் ஒரு வரி மிச்சம் இருந்தது. உட்கார்ந்தவர்கள் மறுபடி பாதி எழுந்தார்கள். யாரோ வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டதைப் பார்த்து இந்துக் குடும்பங்கள் சிலவும் வந்திருந்தன. அவர்கள் எப்போது உட்காருவது என்று தெரியாமல் கடைசிவரை நின்றார்கள்.

கர்னல் மைக்கைப் பிடித்தார். “நான் பேச வேண்டியத நீங்களே செஞ்சு காட்டிட்டீங்க. ரொம்ப நன்றி,” என்றார். யாருக்கும் புரியவில்லை, ஆனால் மரியாதையாகச் சிரித்தார்கள்.

பிறகு அவர் ஒரு வார்த்தை மாற்றாமல்தான் பேசினார். ஒரு கூட்டுப் பயிற்சியில் நம் படையின் டீசல் லாரிக் குழாய் வெளிநாட்டுப் படையின் டாங்கி வாயில் பொருந்தவே இல்லை என்றார். இரண்டு பக்கமும் பெரிய அதிகாரிகள், இரண்டு பக்கமும் நல்ல டீசல், நடுவில் ஒரு வளையம் இல்லாமல் பாதி நாள் போய்விட்டது. வளையத்தை யார் செய்வது என்று இரண்டு தலைநகரத்துக்கும் கடிதம் போனது. தன் வாயை மாற்றிக்கொள்ள எந்த நாடும் சம்மதிக்கவில்லை. டீசல் இல்லாத நாடு கொஞ்சம் சீக்கிரம் சம்மதிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். முன் வரிசையில் பெண்ணைப் பெற்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

இன்னொரு நாள் அவர்கள் அதிகாரி, வண்டிகளை நகர்த்தலாமா என்று கேட்டிருக்கிறார். நம் ஆள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டியிருக்கிறார், நாம் எல்லோரும் ஆட்டுகிற மாதிரி, சரி என்று. அவர்கள் ஊரில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். வண்டிகள் வெயிலில் நின்றுகொண்டே இருந்தன. இரண்டு பக்கமும் அடுத்தவர் ஏன் தாமதிக்கிறார் என்று மனத்தாங்கல். “அதனால, சம்மதம்னா வாயத் தெறந்து சம்மதம்னு சொல்லணும். தலையாட்டுனா சம்மதம் ஆகாது,” என்றார் கர்னல். பின்னால் யாரோ கைதட்டினார்கள். பல பேர் பேனா எடுத்து எழுதினார்கள். என் மாணவர்கள் என் வகுப்பில் பேனாவை எடுத்துப் பார்த்ததே இல்லை.

கேள்வி நேரம் வந்தது. திருவாதவூரிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி எழுந்தார். மகனுக்குப் பெண் பார்க்க வந்தவர்.

“ஐயா, ரெண்டு பக்கமும் சேந்து செய்யிறதுன்னா செலவு யாரு பாக்குறது?”

“யார் மண்ணுல நடக்குதோ அவங்க தங்குறதும் சாப்பாடும் பாத்துக்கணும். வர்றவங்க வண்டிச் செலவு அவங்களோடது,” என்றார் கர்னல்.

“அப்ப மண்டபம் பொண்ணு வீடு, வேன் மாப்ள வீடு. எங்க பக்கமும் அதானுங்க,” என்று திருப்தியாக உட்கார்ந்தார் அவர்.

அடுத்து ஒரு அம்மா. எழுந்திருக்கவே தயங்கி, பிறகு எழுந்தார்.

“சேந்த பெறகு ஒத்துவரலன்னா, வெளிய வர்றதுக்கு ஏதாச்சும் வழி வச்சிருக்காகளா?”

கர்னல் ஒப்பந்தங்களைப் பற்றித்தான் பதில் சொன்னார். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டால் யாரும் தடுக்க முடியாது, ஆனால் வெளியே வருகிறவர்களைப் பற்றி மற்ற நாடுகள் நாலு விதமாகப் பேசத்தான் செய்யும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். அந்த அம்மா சரிங்கய்யா என்று சொல்லி உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மகள் புருஷனை விட்டு வீடு திரும்பியிருக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் மெல்லப் பேசிக்கொண்டார்கள். அதுவரை மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். அதற்கப்புறம் சிரிக்க முடியவில்லை.

சரியாக அந்த நேரத்தில்தான் செயலர் உள்ளே வந்தார். கல்லூரி நிர்வாகத்தில் கடைசி வார்த்தை அவருடையது. கதவருகே நின்று கூட்டத்தைப் பார்த்தார், நிற்பவர்களைப் பார்த்தார், பேனா பிடித்து எழுதுகிறவர்களைப் பார்த்தார். முதல்வரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அது எந்தத் தலையாட்டல் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பக்கமும் கலந்துவிட்டார்கள். போன் நம்பர்கள் கை மாறின. ஒரு பெரியவர் கர்னலிடம் போய், சர்வீஸில் இருந்தவர் என்றால் நல்ல இடம்தான், பையனுக்குப் பார்க்கிறீர்களா அல்லது இரண்டாம் தாரமா என்று விசாரித்தார். என் அம்மா ரோஸ் சேலைப் போட்டோவை யாருக்கெல்லாம் காட்டினாள் என்று நான் கேட்கவில்லை. கர்னல் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல பேப்பர்மா இது. இந்த ஊர்ல இத யாரு சொல்லித் தர்றா? எடுக்கணும்னு ஏதாச்சும் பேச்சு வந்தா எனக்கு ஒரு போன் போடுங்க. நேர்ல வந்து செயலர்கிட்டப் பேசுறேன்.”

அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம். பாடம் பிழைத்துவிட்டது என்றே நம்பினேன்.

தேர்தல் முடிந்து, ஜூன் பிறந்து, முதல்வர் கூப்பிட்டார். மறுபடி உட்காரச் சொன்னார்.

“செயலருக்கு ரொம்ப சந்தோசம் மேடம். காலேஜ் தொடங்குனதுல இருந்து ஆடிட்டோரியம் அப்புடி நெறஞ்சதில்லங்கிறாரு. அன்னைக்கு வந்ததுல ரெண்டு கல்யாணம் கூடியிருக்காம், ஒண்ணு கத்தோலிக்கமும் நம்மளும் கலந்தது. இனிமே வருசத்துக்கு ரெண்டு தடவ அலையன்ஸ் மீட் வைக்கிறோம். ஒங்க டிபார்ட்மெண்ட் பேர்லயே.”

“பேப்பர் சார்?”

“அது… அத எடுத்தாச்சு. பசங்க யாரும் வரலையே மேடம் அன்னைக்கு. ஒங்க பேப்பர் எடுத்த பிள்ளைகளே வரல. தேவை எங்க இருக்குன்னு கூட்டமே சொல்லிருச்சுன்னு செயலர் சொல்றாரு. ஆனா ஒங்க ஆர்டர் ரெடி. அத நீங்க கவலப்பட வேணாம்.”

ஆணையை நீட்டினார். என் பெயருக்குக் கீழே, கௌரவ விரிவுரையாளர் என்பதற்குப் பக்கத்தில், அலையன்ஸ் ஒருங்கிணைப்பாளர் என்று சேர்த்திருந்தார்கள். வேலை போகவில்லை. எதற்காக அந்த வேலையில் இருந்தேனோ அது போய்விட்டது. தூக்கியெறிந்துவிட்டு வர வேண்டும் போல் இருந்தது. வீட்டு வாடகையும் அம்மாவின் மாத்திரையும் கண் முன்னால் வந்தன. கையெழுத்துப் போட்டேன். அம்மாவிடம் சொன்னபோது, ஆண்டவர் வழி திறந்துவிட்டார் என்று முழங்கால் போட்டு ஜெபித்தாள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கர்னலுக்குப் போன் போட்டேன். துறை அறையில் நான் மட்டும் இருந்தேன். முன்னால் மேஜை முழுக்க பயோடேட்டாக்கள், பெண்கள் ஒரு அடுக்கு, பையன்கள் ஒரு அடுக்கு. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் வந்து பேசினால் செயலர் மறுக்க மாட்டார், படை நடத்தியவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கும் என்று கடைசி நம்பிக்கையை அவர் மேல் வைத்திருந்தேன்.

ஐயோ, அப்படியாம்மா, ரொம்பத் தப்பும்மா என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். எத்தனையோ நாட்டு அதிகாரிகளோடு பேசியிருந்தவர், அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் தடுமாறினார்.

“அம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. அடுத்த மீட் எப்ப வைக்கிறீங்க? எம் பொண்ணுக்குத்தான். பெங்களூர்ல இருக்கா. நல்ல பொண்ணு. ரெண்டு மூணு எடம் வந்து தட்டிப்போச்சு. நீங்க மனசு வச்சா ஒரு நல்ல எடமா…”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் பாடத்துக்கு இந்த ஊரில் இருந்த ஒரே ஆள் அவர். அந்தக் கோபத்தோடு அவர் குரலைக் கேட்டேன். ஒரு தகப்பன் குரல் அது, கெஞ்சிப் பழக்கமில்லாத குரல். கோபம் போய் அழுகை வந்தது. என் பாடத்துக்காக அழுதேனா அவருக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்தேன்.

“சொல்லுங்க சார்,” என்றேன். “பொண்ணு என்ன உயரம்?”